ஒத்தக்கடை நிறுத்தத்தில் ஒரு சோதனை

அந்தத் தவறைச் செய்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை.

அப்போது வண்டியூரிலிருந்து ஒத்தக்கடைக்கு பஸ் ஏறி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். பேக்கரிக்கு மேலே இரண்டாவது மாடியில் ஆறு பேர் கொண்ட கம்பெனி. கல்லூரிகளுக்கு ஜாவாவில் இணையதளம் செய்து கொடுப்போம். முதலாளியை எல்லோரும் ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். ஆனால் சண்டை போட எனக்குத் தமிழ்தான் தோது. அது அண்ணனுக்கு நன்றாகவே தெரியும்.

ஒரு கல்லூரியின் தேர்வு முடிவுப் பக்கத்தை எழுதும் வேலை எனக்கு வந்தது. மாணவர் பதிவு எண்ணை அடித்துப் பட்டனை அழுத்தினால் அந்தக் கோரிக்கை எங்கள் சர்வருக்கு வரும். அங்கே சர்வ்லெட் என்ற ஜாவா நிரல் அதை வாங்கி, மதிப்பெண்ணைத் தேடி எடுத்து, ஒரு பக்கமாக்கித் திருப்பி அனுப்பும். புதிதாகப் படிப்பவர்கள் ஆளுக்கொரு சர்வ்லெட் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். கிடையாது. ஆயிரம் பேர் கேட்டாலும் அந்த ஒன்றேதான் ஒரே நேரத்தில் எல்லோருக்கும் பதில் சொல்கிறது. ஆகவே ஒருவருடைய மதிப்பெண்ணை அவருடைய கோரிக்கையைக் கவனிக்கும் பகுதிக்குள்ளேயே வைத்துக்கொள்ள வேண்டும். வெளியே பொதுவில் வைத்தால், எல்லா மேசைக்கும் ஒரே சிலேட்டில் ஆர்டரை அழித்து அழித்து எழுதுகிற ஓட்டல் கதைதான். நீங்கள் கேட்டது இட்லி, வருவது பக்கத்து மேசைப் பொங்கல்.

கல்லூரியில் இதை இரண்டு மதிப்பெண் கேள்விக்கு விடையாக எழுதியவள் நான். ஆனாலும் பொதுவில்தான் வைத்தேன். நிரல் பார்க்க அழகாக இருக்கிறதாம்! அழகைக் கொண்டுபோய் உடைப்பில் போட.

முடிவு வெளியான மறுநாள் காலை எழுமலைப் பக்கத்திலிருந்து ஒரு மாணவி போன் செய்தாள். உதவிக்கென்று பக்கத்தின் அடியில் போட்டிருந்தது என் மேசை எண்.

“மேடம், நேத்து சாயந்தரம் நான் பாத்தப்ப எல்லாம் பாஸுன்னு வந்துச்சு. வீட்ல சொன்னேன். அப்பா தெருவுக்கே மிட்டாய் குடுத்துட்டாரு. இன்னைக்குக் காலையில எங்க அண்ணன் பாத்தா ரெண்டு அரியர்னு காட்டுது. நான் வேணும்னே பொய் சொல்லி அப்பாவ அசிங்கப்படுத்திட்டேன்ங்கிறாங்க. யாரும் எங்கிட்டப் பேசல. நான் பாத்தேன் மேடம். சத்தியமாப் பாத்தேன்.”

“பார்த்துட்டு நானே கூப்பிடுறேன்” என்று அவளுடைய பதிவு எண்ணையும் வீட்டு போன் எண்ணையும் வாங்கி வைத்தேன். பொதுவில் வைத்த அந்த இரண்டு வரிகள் அப்போதே எனக்கு நினைவுக்கு வந்தன.

முதலாளி அண்ணனிடம் போய்ச் சொன்னேன். அவர் தன் லேப்டாப்பில் அந்தப் பெண்ணின் பதிவு எண்ணை அடித்துப் பார்த்தார். இரண்டு அரியர். மறுபடி மறுபடி அடித்தார். அதேதான்.

“பாரு, பத்துத் தடவ அடிச்சிட்டேன். சரியாத்தான வருது? அந்தப் பொண்ணு வேற நம்பர அடிச்சிருக்கும். தப்பாப் பாத்துட்டன்னு சொல்லிரு. அம்புட்டுத்தான்.”

எனக்குச் சுள்ளென்று ஏறியது. ஒரு பெண் கண்ணால் பார்த்தேன் என்கிறாள், யாரும் நம்பவில்லை. ஒரு லேப்டாப் பத்துத் தடவை ஒன்றையே சொன்னால் உடனே நம்பிவிடுகிறார்கள்.

“ஒத்த ஆளு பத்துத் தடவ அடிச்சா எப்பிடிண்ணே தெரியும்? பத்துப் பேரு ஒரே நேரத்துல அடிக்கணும்.”

“பத்துப் பேருக்கு எங்க போறது?”

ஒத்தக்கடையில் ஆளுக்கா பஞ்சம்? சாயந்தரம் கல்லூரி விட்டதும் கீழே பஸ் நிறுத்தத்துக்குப் போனேன். அதே கல்லூரிப் பிள்ளைகள் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். எல்லோர் கையிலும் போன். விஷயத்தைச் சொல்லி, அவரவர் பதிவு எண்ணை அடித்துவிட்டு நான் ‘மூணு’ என்றதும் பட்டனைத் தட்டச் சொன்னேன். பஸ் வரும்வரை அவர்களுக்கும் பொழுது போக வேண்டுமே, உற்சாகமாகச் சேர்ந்துகொண்டார்கள். டீ குடிக்க வந்த அண்ணன் கிளாசும் கையுமாக வேடிக்கை பார்த்தார்.

முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் தடவையும் ஆகவில்லை. அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. இறங்கியாயிற்று, இனி முழம் என்ன சாண் என்ன. மறுபடி எண்ணினேன்.

மூன்றாம் தடவை ஒரு பையன் கத்தினான். “மாப்ள, எனக்குக் கணக்குல தொண்ணூறாம்டா! அதுல நான் பெயிலுடா!”

நிறுத்தமே சிரித்தது. நான் அந்தப் போனை வாங்கி அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினேன். மேலே இருந்தது அவனுடைய பதிவு எண். கீழே இருந்தது பக்கத்தில் நின்றவனின் மதிப்பெண். அண்ணன் சிரிப்பை நிறுத்தினார்.

மாடிக்கு வந்து, வெளியே பொதுவில் இருந்த இரண்டு வரிகளை எடுத்து உள்ளே போட்டேன். ஐந்து நிமிட வேலை. அதற்குப் பிறகுதான் உண்மையான சண்டை ஆரம்பித்தது.

“சரியாயிருச்சுல்ல, விட்ரு. காலேஜ்ல கேட்டா சர்வர் பிஸின்னு சொல்லிக்கலாம்.”

“அந்தப் பொண்ணுக்கு என்னண்ணே சொல்றது?”

“அது ரெண்டுல பெயிலு. அதுதான நெசம்? இப்ப நெசத்தத்தான காட்டுது? இதுல அதுக்கு என்ன நட்டம்?”

அவர் கெட்டவர் இல்லை. அதனால்தான் எனக்குக் கூடுதலாகக் கோபம் வந்தது. அவருக்குப் பக்கம் சரியாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் என் இரண்டு வரியால் ஒரு வீட்டில் ஒருத்தி பொய்க்காரி ஆகி உட்கார்ந்திருக்கிறாள். அதைத் திருத்த எந்த நிரலில் எந்த வரியை மாற்றுவது? காலேஜுக்கு என் பெயரிலேயே கடிதம் எழுதப்போகிறேன் என்றேன். அந்த வீட்டுக்கும் இப்போதே பேசப்போகிறேன் என்றேன்.

“பேசுறதுன்னா நாளையிலருந்து வேலைக்கு வராத.”

“சரிண்ணே, நாளைக்கு வரல. இன்னைக்கு இன்னும் ஆபீஸ் டைம் முடியல.”

அவர் எதிரிலேயே அந்த வீட்டு எண்ணை அழுத்தினேன். அந்தப் பெண்ணின் அப்பா எடுத்தார். நான் யார் என்று சொன்னேன். அந்தப் பக்கத்தை எழுதியவள் நான், தப்பு என்னுடையது, நேற்று உங்கள் மகளுக்கு வேறொருவர் மதிப்பெண்ணைக் காட்டிவிட்டோம் என்றேன்.

“அப்ப அந்த ரெண்டு அரியரு?”

“அது இருக்குதுங்கய்யா. அது மாறல. ஆனா உங்க பொண்ணு பாத்தது, நாங்க காட்டுனது. புள்ள பொய் சொல்லல.”

அந்தப் பக்கம் எங்கோ ஆடு கத்தியது. பிறகு அவர் போனை விட்டு முகத்தைத் திருப்பி மகளைக் கூப்பிடுவது கேட்டது.

“ஆத்தா, நீ சொன்னது நெசந்தானாம். எந்திரிச்சு வந்து சாப்புடு.”