டிபன் பதினொன்று வரை

பாம்பூஃப்ளாட் படகுத்துறைக்கு எதிரே டிபன் கடை. நடத்துபவர் ராமநாதபுரத்து பாய். காலையில் எதுவும் சாப்பிடாமல் படகேறி வந்திருக்கிறேன். மீதி இருப்பது இரண்டே பரோட்டா. அவற்றைக் கேட்டுவிட்டு, வெயில் விழும் மேசையில் என் சட்டைப்பைச் சூரியக் கடிகாரத்தைத் திசை பார்த்து வைக்கிறேன்.

“இது என்னண்ணே, கப்பல் சாமானா?” என்கிறார் பாய்.

கேட்டால் விடுவேனா? எகிப்தியரின் நிழல்கோல், ரோமானியரின் கல் கிண்ணம், ஜெய்ப்பூரின் மாடி உயரக் கடிகாரம் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிறேன்.

“கைக்கடிகாரத்துல இப்போ பத்தரைதான் பாய். அது மெயின்லேண்ட் டைம். இங்க சூரியன் நாப்பது நிமிஷம் முந்தி. நிழல் எங்க நிக்குது, பாருங்க.”

“பதினொண்ணு தாண்டிடுச்சே!”

“அதுதான் இந்தத் தீவோட உண்மையான நேரம்.”

பாய் சுவரில் மாட்டியிருக்கும் பலகையைக் காட்டுகிறார்: டிபன் பதினொன்று வரை.

“அப்ப டிபன் கதம்ண்ணே.”

இரண்டு பரோட்டாவையும் தன் தட்டில் போட்டு சால்னா ஊற்றிக்கொள்கிறார்.

“சாப்பாடு எப்போ?”

“பன்னெண்டரைக்கு.” பரோட்டாவைப் பிய்த்தபடியே சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். “அது மெயின்லேண்ட் டைம்.”