கமலாக்ஷியின் கரண்ட் சைக்கிள்

மூன்று வயதில் வந்த காய்ச்சல் கமலாக்ஷியின் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. அதன்பின் நாற்பத்தைந்து வருஷம் ரேஷன் கடை, மாவு மில், படகுத்துறை எல்லாம் மற்றவர்கள் போய்வரும் இடங்களாகவே இருந்தன அவளுக்கு. கடைக்குப் போகிறவர்களைத் தெருவில் நிறுத்தி, "வர்றப்ப எனக்கும் ஒரு சோப்பு வாங்கிட்டு வரியா?" என்று கேட்டுக் கேட்டே அவள் குரல் தணிந்து போயிருந்தது. கணவன் இறந்த பிறகு, எர்ணாகுளம் பிராட்வேயில் ஒரு துணிக்கடைக்கு ஜாக்கெட்டுகளில் கொக்கி தைத்துக் கொடுத்து மகன் அனீஷை வளர்த்தாள்.

2008 கடைசியில், பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருந்த அனீஷ் முதல் லீவுக்கு வந்தான். எர்ணாகுளத்திலிருந்து பேட்டரி சைக்கிள் ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான்.

"லைசன்ஸ் வேண்டா, அம்மே. பெடல் மிதிக்கவும் வேண்டா. கையைத் திருப்பினாப் போதும்."

பத்தே நாளில் கற்றுக்கொண்டாள். வலது காலைத் தரையில் ஊன்றிக் கிளம்புவாள், ஊன்றி நிற்பாள். தெரு முழுக்க அதைக் கரண்ட் சைக்கிள் என்றது. கொஞ்ச நாளில் மற்றவர்கள் அவளிடம் சொல்லிவிட ஆரம்பித்தார்கள். கமலாக்ஷி, மருந்துக்கடை வரைக்கும் போவியா? கமலாக்ஷி, இந்தக் கோதுமையை அரைச்சுட்டு வரியா? ஒருவருக்கும் அவள் முடியாதென்று சொல்லவில்லை. வேலை முடிந்தும் வீட்டுக்குத் திரும்ப மனசில்லாமல் படகுத்துறை வரை போய், எதிரே வைப்பின் தீவுப் பக்கத்துத் தண்ணீரைப் பார்த்துவிட்டு வருவாள்.

அதே தெருவில் ராமபத்ரன் இருந்தார். மிளகுக் கம்பெனியில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், பூர்வீகம் பாலக்காடு. பிள்ளைகள் இல்லை, மனைவி ஜெயலக்ஷ்மி மட்டும்தான். கண்ணில் நீர் அழுத்தம் ஏறிப் பார்வை போய் ஆறு வருஷமாகியிருந்தது. ஆனாலும் தினம் காலையில் தனியாகக் கோயிலுக்குப் போய்வருவார். லாரி, ஆட்டோ, கைவண்டி எல்லாம் காதிலேயே தெரியும் அவருக்கு. கமலாக்ஷி காலை இழுத்து நடக்கும் சத்தமும் தெரியும். சத்தமே போடாத வண்டியை அவள் வாங்கிய புதிதில், "நீ வரது எனக்குத் தெரியலையாக்கும். மணி அடிச்சுண்டு வா," என்றார். கொஞ்ச நாள் அடித்தாள். பிறகு மறந்து போயிற்று.

மார்ச் மாதம், ஒரு காலை. மில்லிலிருந்து பத்து கிலோ மாவை முன்னால் வைத்துக்கொண்டு வந்தாள். கிடங்குத் தெருவில் மிளகாய் மூட்டை ஏற்றிய லாரி ஒன்று நின்றிருந்தது. வேறு ஆளில்லை. அவள் கையை இன்னும் கொஞ்சம் திருப்பினாள். லாரியின் பின்னாலிருந்து ராமபத்ரன் தெருவில் இறங்கினார்.

பிரேக் பிடித்தும் மாவின் பாரம் வண்டியை இழுத்துக்கொண்டு போயிற்று. கைப்பிடி அவர் இடுப்பில் மோதியது. அவர் பக்கவாட்டில் விழுந்த சத்தம் மட்டும்தான் கேட்டது.

"யாரு? யாராக்கும் அது?" என்று தரையைத் தடவினார்.

கமலாக்ஷி வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு அவரிடம் போய்க் குனிந்தாள். அதற்குள் கிடங்கிலிருந்து சுமைதூக்குகிறவர்கள் ஓடிவந்தார்கள்.

"எந்து பற்றி, சேச்சி? என்ன ஆச்சு?" என்றான் ஒருவன்.

"விழுந்து கிடக்கிறார்," என்றாள் கமலாக்ஷி.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இருதயம் தாங்காதென்று ஆபரேஷன் செய்யாமலே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாத்திரை, பஞ்சு, புண்ணுக்குப் போடும் களிம்பு, பால், காய்கறி எல்லாம் கமலாக்ஷிதான் வாங்கிக் கொடுத்தாள். ஒரு நாளைக்கு மூன்று தடவை கூடப் போய்வந்தாள். ஜெயலக்ஷ்மி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பெத்த பொண் கூட இப்படிச் செய்யமாட்டா," என்று சொன்ன அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மே மாதத்தில் அவர் முதுகெல்லாம் படுக்கைப் புண். ஒரு மத்தியானம் ஜெயலக்ஷ்மி குளிக்கப் போயிருந்தாள். களிம்பை வைத்துவிட்டுத் திரும்பிய கமலாக்ஷியை ராமபத்ரன் கூப்பிட்டார்.

"அன்னிக்கு நான் விழுந்ததும் முதல்ல ஸ்டாண்ட் போடற சத்தம் கேட்டது. அப்பறம் உன் கால்."

கமலாக்ஷி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "ஏன் மாமா யார்ட்டயும் சொல்லலை?" என்றாள்.

"சொன்னா நீ வருவியோ? ஜெயத்துக்கு முட்டி வீக்கம். கடைக்குப் போக வேற யாரு இருக்கா எங்களுக்கு?"

அவர் குரலில் கோபம் இல்லை, மன்னிப்பும் இல்லை. மருந்துப் பெயரைச் சொல்வது போலச் சொன்னார். பிறகு, தண்ணீர் வேண்டுமென்றார்.

மழை தொடங்கிய வாரத்தில் இறந்துபோனார். பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்து வந்தவர்கள் கிளம்பிய பிறகு, கமலாக்ஷி ஜெயலக்ஷ்மியின் எதிரில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். லாரி, மாவு, ஸ்டாண்ட், எதையும் விடவில்லை.

ஜெயலக்ஷ்மி அழவில்லை. "அவருக்குத் தெரியுமோ?" என்று கேட்டாள்.

"தெரியும், மாமி."

"ரெண்டு பேருமா சேர்ந்து என்னை உனக்கு நன்றி சொல்ல வெச்சேளே." எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்தாள். "போ. இனிமே எனக்கு ஒண்ணும் வாங்கிண்டு வரவேண்டாம்."

ஜெயலக்ஷ்மி போலீசுக்குப் போகவில்லை. தெருவிலும் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் கமலாக்ஷிக்குத் தாங்க முடியாமல் இருந்தது. தெருக்காரர்கள் முன்போலவே பையைக் கொடுத்து, மில்லுக்குப் போய்வரச் சொன்னார்கள்.

ஒரு வாரம் வண்டியைத் தொடாமல் நடந்து பார்த்தாள். ரேஷன் கடைக்குப் பாதி வழியில் கால் மடங்கி ஓடை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் திரும்பவும் சார்ஜ் போட்டாள்.

ஜெயலக்ஷ்மி வீங்கிய முட்டியோடு தானே கடைக்கு நடந்தாள். எதிரில் கமலாக்ஷியின் வண்டி வருவதைக் கண்டால் தெரு ஓரம் ஒதுங்கி, கிடங்குச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாள். வண்டி கடந்து போனபின்தான் பையை எடுத்துக்கொண்டு நடப்பாள்.