கேள்விக்குறியைத் திருத்தப் போனேன்

நாடு விடுதலை பெற்ற மெர்டேக்கா ஆண்டில் பிறந்தவன் நான். இருபத்தாறு வயதில், காஜா பேராங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த ரப்பர் கையுறைக் கம்பெனி ஆப்பீசில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்தேன். யூனிக்ஸ் ஓடும் ஒரே ஒரு மெஷின். அதில் கடிதம் அடிக்கவும் திருத்தவும் ஒரே ஒரு செயலி. அதை இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. பக்கத்தைக் காட்டாது, வரி எண்ணைச் சொன்னால் அந்த வரியை மட்டும் காட்டும். என்ன தப்பு செய்தாலும் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கும். எங்கே தப்பு, ஏன் தப்பு? மூச்சு விடாது.

கடிதங்களை அடித்தவர் உஜோங் பாசிரிலிருந்து பஸ்ஸில் வரும் ஓர் அக்கா. முன்பு எங்கள் கம்பெனியின் ஆயர் குரோ தொழிற்சாலையில் பவுடர் தூவிய கையுறைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அந்தத் தூசியில் மூச்சிழுப்பு வந்து, மன்றாடி மாடிக்கு மாற்றல் வாங்கியிருந்தார். மூன்று மாதம் சோதனைக் காலம். ஒரு நாள் கடிதம் தாமதமானாலும் திரும்பவும் பவுடருக்குத்தான் என்று மேனேஜர் சொல்லி வைத்திருந்தார்.

கேள்விக்குறி வரும்போதெல்லாம் அக்கா உச்சுக் கொட்டுவார். எனக்குப் பொறுக்கவில்லை. செயலியின் மூல நிரல் மெஷினிலேயே இருந்தது. நான்தான் பெரிய கெட்டிக்காரன் ஆயிற்றே! கேள்விக்குறிக்குப் பதிலாக ‘சாலா’, அதாவது தவறு என்று மலாயில் சொல்ல வைத்து, கூடவே காரணத்தையும் சொல்ல வைக்கலாம் என்று ஒரு வியாழக்கிழமை மாலை உட்கார்ந்தேன். ‘தவறு இருந்தால்’ என்ற நிபந்தனைக்குக் கீழே ஒரே வரி இருந்தது. அதை இரண்டு வரியாக்கினேன். இரண்டையும் ஓர் அடைப்புக்குறிக்குள் போட்டிருக்க வேண்டும், போடவில்லை. அதனால் ‘சாலா’ என்று காட்டிவிட்டுக் கட்டளையைக் கைவிடும் இரண்டாவது வரி, தவறு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடியது. ஓட்டிப் பார்க்காமலே புதியதைப் பழையதன் மேல் எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன். நகல்கூட எடுத்து வைக்கவில்லை.

மறுநாள் காலை அக்கா என் மேசைக்கு வந்தார். “தம்பி, எதத் தட்டினாலும் சாலான்னு சொல்லுது லா. பன்னெண்டு மணிக்குள்ள ஆறு லெட்டர் போவணும்.”

நிரலைத் திருத்த அந்தச் செயலி வேண்டும். செயலி கெட்டுக் கிடக்கிறது. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதை. செயலி வந்த மூல நாடா கோலாலம்பூரில், மெஷினை விற்றவர்களிடம். தாளில் அச்சடித்த நிரல் மட்டும் கையில் இருந்தது. அதைப் பார்த்து முதல் வரியிலிருந்து நேராகக் கோப்புக்குள் அடிக்கத் தொடங்கினேன். ஒரு வரியை முடித்துவிட்டால் பிறகு அதைத் தொட முடியாது. ஓர் எழுத்து பிசகினால் அந்தப் பகுதி முழுவதும் மறுபடியும். இருந்ததோ ஒரே கீபோர்டு. அதன் முன்னாலும் நான் உட்கார்ந்துகொண்டேன். டைப்ரைட்டரை மெஷின் வந்த வாரமே விற்றிருந்தார்கள். அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தார். வேறொரு சின்னக் கட்டளையால் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றியிருக்கலாம் என்று பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு மேனேஜர் வந்தார். தப்பு என்னுடையது என்று சொன்னேன். அது தெரியும், உன்னை அனுப்பினால் இந்த மெஷினை யார் பார்ப்பது என்று கேட்டுவிட்டு, அக்காவைத் திங்கட்கிழமை தொழிற்சாலைக்குப் போகச் சொன்னார்.

அக்கா பையை எடுத்துக்கொண்டார். படியருகே போய் நின்றார்.

“அந்தக் கேள்விக்குறி எனக்குப் பழகிப் போச்சு தம்பி. அது வந்தா எங்க தப்பா அடிச்சேன்னு எனக்கே தெரிஞ்சிரும். மாத்திக் குடுங்கன்னு நான் ஒங்களக் கேட்டனா?”

அவர் கேட்கவே இல்லை. நானும் ஒரு வார்த்தை அவரைக் கேட்டிருக்கவில்லை. திங்கட்கிழமை செயலி சரியாகிவிட்டது, அக்கா பவுடருக்குப் போய்விட்டார்.