அப்பாவின் பஞ்சுக் காது

மலாயாவில், ஈப்போ நகரத்தில், எங்கள் சந்துப் பிள்ளைகளின் அப்பாக்கள் கடை வைத்தார்கள், மாட்டுவண்டி ஓட்டினார்கள், ஈயச் சுரங்கத்தில் மண் சுமந்தார்கள். என் அப்பா மட்டும் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போனார்.

துரைமார் பங்களாக்களிலும் கன்னியர் மடத்துப் பள்ளியிலும் இருந்த பியானோக்களுக்குச் சுருதி கூட்டுவது அவர் தொழில். பியானோக் கட்டையை ஓங்கி ஓங்கி அடித்தால்தான் முறுக்கிய கம்பி நழுவாமல் நிற்குமாம். அந்த அடியே காதை மழுக்கிவிடுமாம். ஆகவே தேன்மெழுகு தோய்த்த பஞ்சு. அடிக்கும்போது அடைப்பார், கேட்கும்போது எடுப்பார். அதோடு விட்டாரா? ரயிலடி, வெடி, மேளம் எதுவானாலும் பஞ்சு ஏறிவிடும். "உங்கப்பா செவிடாடி?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கடைத்தெருவில் அவரோடு போனால் தள்ளியே நடப்பேன்.

அத்தைக்குக் கல்யாணம் வந்தது. தாய் தகப்பன் இல்லாத ஒரே தங்கை. அப்பாதான் பெண் வீட்டுப் பெரியவர். மாப்பிள்ளை ரப்பர் தோட்டத்துக் கங்காணியின் மகன். தோட்டத்து மாரியம்மன் கோயிலில், தகரக் கூரைக்குக் கீழே மணவறை. தவில்காரர் வாரை இறுக்கியதும் அப்பா மடியிலிருந்து பஞ்சை எடுத்து அடைத்துக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

மாப்பிள்ளையின் அம்மா பார்த்துவிட்டார்.

"என்னா இது? பொண்ணோட அண்ணனுக்குக் காது மந்தமா? எங்ககிட்ட யாரும் சொல்லலயே!"

அப்பா ஒரு பக்கத்துப் பஞ்சை எடுத்தார். "மந்தம் இல்லீங்க சம்பந்தி. தொழிலுக்குக் காதைக் காப்பாத்தணும்."

"வெள்ளக்காரன் பொட்டியத் தட்டுறதுக்குக் காதுக்குப் பூட்டா? நல்லா கத வுடுறாரு லா!" என்றார் மாப்பிள்ளையின் மாமா. பந்தலே சிரித்தது.

அந்த அம்மா சிரிக்கவில்லை. "ரத்தத்துல உள்ளது பேரப் புள்ளைக்கும் வரும்," என்று தாலித் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அத்தை குனிந்த தலை நிமிராமல் கண்ணை மட்டும் உயர்த்தி அப்பாவைப் பார்த்தாள். நானோ, இன்னார் மகள் என்று யாருக்கும் தெரியக் கூடாதென்று தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அப்பா மற்றப் பஞ்சையும் எடுத்தார். "சந்தேகம் வேணாங்க. தவிலுக்குப் பக்கத்துலயே உக்காருறேன்."

"காது நல்லாருந்தா பஞ்சு எதுக்கு? தாலி ஏறுற வரைக்கும் காதைத் தொடக் கூடாது. பாப்போம்," என்றார் சம்பந்தியம்மா.

கெட்டிமேளம் கிளம்பியது. மாமா வேண்டுமென்றே சீனவெடிச் சரத்தை அப்பாவின் முதுகுக்குப் பின்னால் கொளுத்திப் போட்டார். தகரம் அதிர்ந்தது. எல்லாரும் காதைப் பொத்தினார்கள். அப்பா மட்டும் கைகளை மடியில் கோத்தபடி, கண்ணில் நீர் வர, உட்கார்ந்திருந்தார். தாலி ஏறியது. சம்பந்தியம்மா ஏதோ கேட்க வாயைத் திறந்ததும், அவர் உதட்டையே பார்த்திருந்த அப்பா உடனே தலையாட்டிச் சிரித்தார். அப்பாடா, மானம் தப்பியது என்று நான் தூணை விட்டு வெளியே வந்தேன்.

அடுத்த வாரம், என்றும் இல்லாத வழக்கமாக, அப்பா என்னைக் கன்னியர் மடத்துக்கு அழைத்துப் போனார். பியானோவில் கீச்சென்று ஒலிக்கும் மேல்கோடிக் கட்டையைத் தட்டினார்.

"இதுக்குள்ள ரெண்டு கம்பி. ரெண்டு சத்தமும் ஒண்ணா நிக்குதா, நடுங்குதா, சொல்லு கண்ணு."

"நடுங்குதுப்பா."

திருகினார். "இப்ப?"

"இன்னும் கொஞ்சம்."

என் உதட்டையே பார்த்து, நான் சொன்னபடியெல்லாம் திருகினார். அன்று சாயங்காலம் சந்துப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, அப்பா இப்போதே எனக்குத் தொழில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிட்டார் என்று பீற்றிக்கொண்டேன்.