பாலசமுத்திரத்தில் பஞ்சாமிர்தத்தைச் சமாளித்த கார்ன்ஃப்ளேக்ஸ்

கிட்னி மக்கர் பண்ணினால் வெளியூர்ப் பயணம் போக முடியாது என்று எவன் சொன்னான்? நான் போய் வென்று வந்தேன். இரண்டு மாதத்துக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை, திண்டுக்கல்லிலிருந்து பாலசமுத்திரம். மகளின் வளைகாப்புக்கு நாள் குறிக்கச் சம்பந்தி வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. திங்கட்கிழமையோ எனக்கு ரத்தப் பரிசோதனை. "பொட்டாசியம் இன்னொரு தடவை ஏறுச்சுன்னா பெட்ல படுக்க வச்சிருவேன். வளைகாப்பை போன்ல பாத்துக்கங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

காலைக்கு அவர் எழுதிக் கொடுத்தது உப்புக் குறைந்த சாதா கார்ன்ஃப்ளேக்ஸ் ஒரு கிண்ணம், பால் அரை டம்ளர். வாழைப்பழம், பேரீச்சை, திராட்சை, முந்திரி பக்கம் போகக் கூடாது. நான் எட்டாவதுதான். ஆனால் டப்பா லேபிளை நான் படிக்கிற வேகத்துக்கு மருந்துக் கடைக்காரரே வாயைப் பிளப்பார்.

காலை ஆறு மணிக்குப் பழனி பஸ். அறுபது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், ஐம்பது ரூபாய். மடியில் கார்ன்ஃப்ளேக்ஸ் நிரப்பிய எவர்சில்வர் தூக்கு கலகலத்தது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, கோழித் தீவனமா?"

"சிங்கத் தீவனம்டா அப்பு!"

ஒட்டன்சத்திரம் வரை பஸ்ஸே சிரித்தது.

பழனியிலிருந்து ஆட்டோ, ஐந்து கிலோமீட்டர், நூற்றைம்பது ரூபாய். எட்டு மணிக்குச் சம்பந்தி வீட்டில் விவரம் சொல்லித் தூக்கிலிருந்து ஒரு கிண்ணம் அளந்து கொடுத்தேன். சம்பந்தியம்மா முகம் சுருங்கிவிட்டது.

"ஏனுங்க, பொண்ணு குடுத்தவங்களுக்கு வெறும் பொரியா வெக்கறது? ஊரு சிரிக்காதுங்களா?" என்றபடி உள்ளே போனார்.

திரும்பி வந்த கிண்ணத்தில் கார்ன்ஃப்ளேக்ஸ் மேல் கோபுரமாகப் பஞ்சாமிர்தம்! டாக்டர் விலக்கச் சொன்ன பழமெல்லாம் ஒரே இடத்தில் மாநாடு போட்டிருந்தது.

"நேத்து மலைக்குப் போயி உங்களுக்குன்னே வாங்கியாந்ததுங்க" என்றார் சம்பந்தி.

வேண்டாம் என்றால் முருகனுக்கும் சம்பந்திக்கும் சேர்த்து அவமானம். தின்றால் வளைகாப்பு போனில். கதவோரம் நின்ற மகள் கண்ணாலேயே கெஞ்சினாள்.

எழுந்தேன். கிண்ணத்தைக் கண்ணில் ஒற்றி, விரல் நுனியில் ஒரு பொட்டு நாக்கில் வைத்தேன். "எங்க பக்கம் நாள் குறிக்கிற எடத்துல பிரசாதத்தை ஒத்தை ஆளு திங்க மாட்டோம் சம்பந்தி. மாப்பிள்ளை வீட்டுல அம்புட்டுப் பேரும் ஆளுக்கு ஒரு கரண்டி வாங்கணும்" என்றேன். அந்த வழக்கம் பிறந்து அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

வீட்டில் ஒன்பது பேர். வரிசை தெருமுனையைத் தொட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். "மொறுமொறுன்னு நல்லாத்தானுங்க இருக்குது" என்று சம்பந்தியம்மா இரண்டாவது கரண்டி கேட்டார். தூக்கில் நான் பதுக்கியிருந்த மிச்சத்தை அரை டம்ளர் பாலில் போட்டு மகாராஜாவாகச் சாப்பிட்டேன். திங்கட்கிழமை ரிப்போர்ட்டில் பொட்டாசியம் ஏறவில்லை. டாக்டர் கை கொடுத்தார். அவர் எழுந்து நின்று கொடுத்தார் என்றே எழுதிக்கொள்கிறேன்.

போகிறவர்களுக்கு: தூக்கு முழுவதையும் கொடுத்துவிடாதீர்கள், பாதி பையில் இருக்கட்டும். வழியில் இளநீர் என்று கூப்பிடுவார்கள், அதிலும் பொட்டாசியம்தான். என் பட்டியல் எனக்கு. உங்களுடையதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

வளைகாப்பன்று முதல் வரிசையில் நான். வளையல் அடுக்கும் முன் சம்பந்தி ஒரு பெரிய தாம்பாளத்தை என் முன் வைத்தார். கார்ன்ஃப்ளேக்ஸ், மேலே பஞ்சாமிர்தம், பக்கத்தில் கரண்டி.

"உங்கூர் வழக்கத்தை நீங்களே ஆரம்பிச்சு வைங்க" என்றார்.

கண்ணில் ஒற்றினேன். அன்றைக்கு நிஜமாகவே வரிசை தெருமுனையைத் தொட்டது.