பசையக்கா வெட்டி எறிந்த தேதி

நீதிமன்ற நூலகத்தில் அவளைப் பசையக்கா என்றால்தான் தெரியும். அரசியலமைப்பைத் திருத்தினால் அச்சகத்திலிருந்து துண்டுத்தாள் வரும். அதைப் பக்கத்துக்கு அடங்கக் கத்தரித்துப் பழைய விதியின்மேல் ஒட்டுவது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷமாக ஒட்டுகிறாள். ஒட்டியதைப் படிக்க யார் சம்பளம் கொடுத்தார்கள்?

அவள் தம்பி தையற்காரன். அவனுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. அரசு மருத்துவமனையில் வாரம் இரண்டு முறை டயாலிசிஸ் செய்துகொண்டுதான் ஆளாக நடமாடினான். ஒரு திங்கட்கிழமை, இனி வராதே என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பசையக்கா நேரே மருத்துவமனை அதிகாரியின் அறைக்குள் போய் நின்றாள்.

"சட்டம் மாறிடுச்சும்மா. முன்னாடி, அரசு சிகிச்சை அளிக்கணும்னு இருந்துச்சு. இப்போ, சிகிச்சை பெறுவதை அரசு தடுக்கக் கூடாதுன்னு இருக்கு. நாங்க தடுக்கலையே? எங்க வேணா கூட்டிட்டுப் போங்க."

"தண்ணில மூழ்குறவன்கிட்ட, நீ நீந்துறதை நாங்க தடுக்கலைன்னு சொல்வீங்களா சார்?"

"என்கிட்ட கேட்டு என்ன பண்றது? கோர்ட்டு லைப்ரரி புத்தகத்தைப் பார்த்துதான் செஞ்சோம்."

அவர் நீட்டிய நகலை வாங்கிப் பார்த்தாள். ஒட்டு லேசாகக் கோணியிருந்தது. போன வாரம் அவள் கையால் ஒட்டியதேதான்.

நூலகத்துக்கு ஓடினாள். அந்தத் துண்டுத்தாளின் வெட்டாத மறுபிரதியைத் தேடி எடுத்து, முதல் தடவையாகக் கடைசி வரிவரை படித்தாள். பக்கத்துக்குள் அடங்காது என்று அவள் வழக்கமாக வெட்டி எறியும் அடிப்பட்டையில் பொடி எழுத்தில் இருந்தது, திருத்தம் நடைமுறைக்கு வரும் தேதி. அதற்கு இன்னும் ஏழு வாரம் கிடந்தது.

தலையில் அடித்துக்கொண்டாள். பாவி, இத்தனை வருஷத்தில் எத்தனை தேதிகளைக் குப்பையில் போட்டாளோ! ஆனால் அவளை மட்டும் சொல்லி என்ன பயன்? சட்டத்தையே கரைத்துக் குடித்த கூட்டத்தில் ஒருத்தராவது, தேதி எங்கே என்று கேட்டார்களா? ஒரு மனிதனைக் கைகழுவ அவசரப்படுகிறவர்களுக்குத் தேதி எதற்கு!

மறுபிரதியைக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தாள். அதிகாரி இரண்டு தடவை படித்தார்.

"சரி, நாளைக்குக் கூட்டிட்டு வாங்க. தேதி வரைக்கும் செய்றோம். அதுக்கப்புறம்..."

"அதுக்கப்புறம் தடுக்க மாட்டீங்க. அதானே சார்?"

அவர் வேறு கோப்பை இழுத்துப் பிரித்தார்.

மறுநாள் காலை தம்பியை இயந்திரத்தோடு இணைத்தார்கள். குழாயில் ரத்தம் ஏறுவதைப் பார்த்தபடி, ஊசி குத்தாத கையின் விரல்களை அவன் ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தான்.

"பதினாலு தடவை வருதுக்கா."

"எண்ணாதடா," என்றாள்.

அவள் வரும் வழியிலேயே எண்ணிவிட்டிருந்தாள்.