முகாம் வாசலில் கம்பெனி பஸ்

என் அப்பாவும் அம்மாவும் மன்னார்ப் பக்கத்திலிருந்து படகில் தப்பி வந்தவர்கள். நான் இந்தக் கரையில், முகாமில் பிறந்தவள். கடலையே பள்ளிக்கூடச் சுற்றுலாவில் மாமல்லபுரம் போனபோதுதான் முதலில் பார்த்தேன். அப்பா பெயின்ட் அடிக்கப் போவார். முகாமில் பாதி ஆண்களுக்கு அதுதான் வேலை. நான் டிப்ளமா முடித்ததும், ஒரகடத்தில் கார்களுக்கான ஒயர்களைக் கட்டிக் கொடுக்கும் தொழிற்சாலையில் இடம் கிடைத்தது. சேர்த்துவிட்ட ஏஜென்சிக்காரர் என் முகவரியைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

“ஆபீஸ்ல நான் பேசிக்கிறேன். வேலை செய்யற லைன்ல மட்டும் யார்கிட்டயும் முகாம்னு சொல்லிக்காதம்மா.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து நான் முகாம்காரி இல்லை. இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த கடைத்தெருவைச் சேர்ந்தவள். கம்பெனி பஸ் அங்கேதான் நிற்கும். விடியுமுன்னே அப்பா டார்ச் அடித்துக்கொண்டு கூடவே நடந்து வருவார். பஸ்ஸின் வெளிச்சம் தெரிந்ததும் டார்ச்சை அணைத்துவிட்டுப் புளியமரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வார். யாராவது பேச்சுக் கொடுத்தால், அவர் வாய் திறந்த உடனேயே எந்த ஊர் என்று தெரிந்துவிடும் அல்லவா.

வீட்டில் ‘ஓம்’ என்பேன், பஸ்ஸில் ‘ஆமா’ என்பேன். ‘கதைச்சுக்கொண்டு’ என்று நாக்கு நுனிக்கு வந்ததை விழுங்கிவிட்டு ‘பேசிகினு’ என்பேன். மாதம் ஒருநாள் முகாமில் செக்கிங் நடக்கும். அதிகாரிகள் வந்து குடும்பம் குடும்பமாகப் பெயர் கூப்பிடுவார்கள். ஆள் நேரில் நிற்க வேண்டும். அன்றைக்கு, கம்பெனிக் கணக்கில், எனக்கு வயிற்று வலி வந்துவிடும். எங்கள் முகாமிலிருந்தே இன்னும் மூன்று பெண்கள் அதே தொழிற்சாலையில் வேறு வேறு பிரிவுகளில் இருந்தார்கள்; பஸ்ஸும் வேறு வேறு ஸ்டாப்பில்தான் ஏறுவார்கள். அவர்களுக்கும் அதே நாளில் காய்ச்சலோ தலைவலியோ வரும். கேன்டீனில் எதிரெதிரே உட்கார நேர்ந்தால்கூட, முன்பின் தெரியாதவர்கள் மாதிரி சாப்பிட்டுவிட்டு எழுந்து போவோம்.

லைனில் எனக்குப் பக்கத்தில் பிள்ளைப்பாக்கத்து அக்கா ஒருவர் நிற்பார். கல்யாணமானவர், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஒருநாள் ஷிப்ட் முடியப் போகிற நேரத்தில், கன்வேயர் ஓரத்தில் விழுந்த கிளிப்பை எடுக்கக் குனிந்தார். அவருடைய கோட்டின் கை நுனி உருளையில் சிக்கியது. துணி சுருண்டு அவர் விரல்களையும் சேர்த்து உள்ளே இழுக்கத் தொடங்கியது. அவருக்குச் சத்தமே வரவில்லை.

“ஐயோ அக்கா, கையை எடுங்கோ! கெதியா நிப்பாட்டுங்கோ, கெதியா!”

கத்திக்கொண்டே பாய்ந்து, சிவப்புப் பட்டனை நானே அடித்தேன். லைன் நின்றது. அக்காவின் சுண்டுவிரலில் தோல் உரிந்திருந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை. ஆனால் அவ்வளவு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலுதவி அறையில் விரலில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அக்கா கேட்டார்.

“இன்னாது அது, கெதியா? நீ எந்த ஊரு? நெசத்தச் சொல்லு.”

“கெதியான்னா சீக்கிரம்னு அர்த்தம்க்கா. நான் முகாம்க்கா. இலங்கை அகதி முகாம்.”

மறுவாழ்வு முகாம் என்று அரசாங்கம் பெயரை மாற்றிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அந்த நேரத்தில் எனக்குப் பழைய பெயர்தான் வாயில் வந்தது.

“அதுக்கா இம்மாங்காலம் வாயக் கட்டிகினு கெடந்த? எங்க மாமனார் நெலத்துலதான் இன்னிக்கு ஒரு கம்பெனி நிக்கிது. வித்துட்டு, இப்போ நானே சம்பளத்துக்கு வந்து நிக்கிறேன். இங்க யார் வூடு யாருக்கு நெலைச்சு கீது?” என்றார். பிறகு, “சரி, காலைல எப்படி பஸ் ஏறுற?” என்று கேட்டார்.

சொன்னேன். புளியமரம் வரைக்கும் சொன்னேன். அக்கா பஞ்சைத் தூக்கிப் போட்டுவிட்டு எழுந்தார்.

“பஸ் உங்க வூட்டாண்ட வரணும். போய்க் கேளு.”

பஸ் ரூட் பார்க்கிறவரிடம் கேட்டேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே, “முகாமுக்கெல்லாம் வண்டி போகாதும்மா. கேட்ல போலீஸ் இருப்பாங்க, வீண் பிரச்சனை,” என்றார். திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன். “இவர்கிட்ட கேட்டா இதான் வரும். மாச மீட்டிங்ல பெரியவர்கிட்டயே கேளு. நான் பக்கத்துல நிக்கிறேன்,” என்றார்.

மாதாந்திரக் கூட்டம் கேன்டீனில் நடக்கும். ஆலையின் தலைமை மேலாளரே வருவார். ஏதாவது கேட்க வேண்டுமா என்று அவர் கேட்டதும் அக்கா என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். மைக் என் கைக்கு வந்தது.

“சார், நான் இலங்கைத் தமிழர் முகாமிலேர்ந்து வாறன். தினமும் இருட்டுக்குள்ள ரெண்டு கிலோமீட்டர் நடந்து பஸ் ஏறுறன். பஸ் முகாமுக்கு வரோணும்.”

எங்கள் வீட்டுத் தமிழ் அப்படியே வந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. மேலாளர் தன்மையாகத்தான் சொன்னார்: “ஒரு ஆளுக்காக ரூட்டை மாத்த முடியாதேம்மா.”

பின்னாலிருந்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எழுந்தவள் தரப் பரிசோதனைப் பிரிவிலிருந்த எங்கள் முகாம் பெண். எங்கள் நாலு பேரில் மெட்ராஸ் பாஷையை அச்சு அசலாகப் பேசுகிறவள் அவள்தான். அவளைச் சூளைமேட்டுக்காரி என்றே எல்லோரும் நம்பியிருந்தார்கள்.

“ஒரு ஆள் இல்ல சார். நானும் அங்கதான்.”

மற்ற இருவரும் எழுந்தார்கள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அத்தனை நாளும் அந்த கேன்டீனில் நாங்கள் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டதே இல்லை.

அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தமாகச் சொன்னார்: “இப்போ நாலு பேரு சார். பஸ் உள்ள போனா இன்னும் வருவாங்க. ஆளு பத்தலன்னு நீங்கதான மாசாமாசம் சொல்லிகினு கீறீங்க?”

கேன்டீனே சிரித்தது. மேலாளரும் சிரித்துவிட்டு, போலீஸிடம் கேட்டுச் சொல்லும்படி பஸ் ரூட் பார்க்கிறவரிடம் சொன்னார். முகாம் வாசலில் காவலுக்கு இருந்த போலீஸ்காரர் அவருக்குச் சொன்ன பதிலை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். “பஸ் வரக்கூடாதுன்னு யாருங்க சொன்னது? இதுவரைக்கும் யாரும் கேட்டதே இல்லையே.”

அடுத்த திங்கள்கிழமை விடிகிற நேரத்தில் அந்த நீண்ட வெள்ளை பஸ் முகாமுக்குள் திரும்பியது. ஓட்டு வீடுகளிலிருந்தும், புதிதாகக் கட்டிக்கொடுத்த வீடுகளிலிருந்தும் சனம் முழுக்க வெளியே வந்து நின்றது. ரிவர்ஸ் எடுக்க ஆளுக்கு ஆள் வழி சொன்னார்கள். அம்மா ஓடிப்போய் டிரைவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, “ஸ்டாப்புக்கு இன்னா பேர் சொல்றது?” என்று கேட்டார்.

அப்பா முன்னால் வந்தார். கையில் டார்ச் எரிந்துகொண்டே இருந்தது. அணைக்க மறந்துவிட்டார்.

“முகாம் எண்டே சொல்லுங்கோ தம்பி. வேற பேர் என்னத்துக்கு?”

நாங்கள் நாலு பேரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். பஸ் கடைத்தெருவைத் தாண்டும்வரை எங்கள் கதை ஓயவில்லை. முன்சீட்டில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் சத்தமாகக் கதைத்தோம். ஒரு கம்பெனி பஸ்ஸில் போவதற்கு இவ்வளவு சந்தோஷமா என்று யாராவது கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. ஏதோ ஊர்வலத்தில் போவது மாதிரி நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

அக்கா சொன்னபடியே ஆட்கள் சேர்ந்தார்கள். இப்போது முகாமில் பஸ்ஸின் பின்பாதி நிறைந்துவிடுகிறது. செக்கிங் நாள் சூப்பர்வைசருக்கே தெரியும். அதற்கேற்ப ஷிப்டை மாற்றிப் போடுகிறார். நான் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன்.

போன மாதம் மணிப்பூரிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். கலவரத்தில் அவர்கள் வீடு எரிந்துபோய், குடும்பமே நிவாரண முகாமில் இருந்ததாம். முதல் நாளே சூப்பர்வைசர் ஊர் கேட்டபோது, பாதி இந்தியும் பாதி ஆங்கிலமுமாக எல்லோர் முன்னாலும் அதை அவளே சொன்னாள். யாரும் அவளை அதை மறைக்கச் சொல்லவில்லை. சூப்பர்வைசர் அவளுக்குக் கையுறை எடுத்துக் கொடுத்துவிட்டு என் லைனில் நிற்கச் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் நானும் அக்காவும் அவளை நடுவில் உட்கார வைத்துக்கொண்டோம். அம்மா கொடுத்தனுப்பியிருந்த தேங்காய்ப்பால் சொதியை அவள் தட்டில் ஊற்றினேன். ஒரு சொட்டு விடாமல் சாப்பிட்டுவிட்டு, உறைப்பு போதாது என்று கையால் காட்டினாள்.